இந்தப் படம் முதலில் எங்கே இருந்தது? படத்தேடல் கருவிகளோடு ஒன்றரை ஆண்டு

டின்ஐ, கூகுள் லென்ஸ், இன்விட்-வீவெரிஃபை ஆகிய மூன்றையும் ஒன்றரை ஆண்டாக, கிட்டத்தட்ட நாள்தோறும் பயன்படுத்துகிறேன். ஒரு படத்தைக் கொடுத்தால் அது இதற்கு முன் இணையத்தில் எங்கெல்லாம் இருந்தது என்று தேடித் தருபவை இவை. பார்த்த பொருளை வாங்க, செடியின் பெயரைக் கண்டுபிடிக்க என்று பயன்படுத்துகிறவர்கள் ஏற்கெனவே நிறைய எழுதிவிட்டார்கள். எனக்கு இருப்பது ஒரே வேலை. "இந்த ஆட்கள் செய்த அக்கிரமத்தைப் பாருங்கள்" என்று ஒரு சமூகத்தின்மேல் பழி சுமத்தி வரும் படம் உண்மையில் எதன் படம் என்று பார்ப்பது. அந்த வேலைக்கு இவை எவ்வளவு உதவுகின்றன, எங்கே உதவாமல் போகின்றன என்பதைப் பற்றித்தான் இந்த மதிப்பீடு.

நான் மெய்ப்புப் பார்ப்பவள். எழுத்துப்பிழை மட்டுமல்ல, படத்துக்கும் கீழே உள்ள குறிப்புக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று பார்ப்பதும் என் வேலைதான். குளிர்காலக் கூட்டம் என்று குறிப்பு இருக்கும், படத்தில் எல்லோர் கையிலும் விசிறி இருக்கும். அப்படி எத்தனையோ பிடித்திருக்கிறேன். ஆனால் கைபேசியில் வந்த படத்தை அந்தக் கண்ணால் ஒருநாளும் பார்த்ததில்லை. வீட்டுக் குழுவில் வருவதுதானே, சித்தப்பா அனுப்பியதுதானே என்று விட்டுவிடுவேன்.

அன்று அவர் அனுப்பிய படத்தில் வெள்ளைத் துணி போர்த்திய உடல்கள் வரிசையாகக் கிடந்தன. ஓரத்தில் ஒரு பெண் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். கீழே ஒன்பது வரி. ஒரு மக்களின் பெயரைச் சொல்லி, அவர்கள் ஒரே இரவில் ஒரு கிராமத்தையே கொன்றுபோட்டதாக எழுதியிருந்தது. எந்தச் சேனலும் காட்டாது, அழிப்பதற்குள் பகிருங்கள் என்று முடிந்தது. எந்த மக்கள் என்று இங்கே எழுதப்போவதில்லை. அந்தப் பழி இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. மறுப்பதற்காக எழுதினாலும் அந்தப் பெயரும் அந்தக் கொலையும் படிப்பவர் மனதில் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும்.

படித்ததும் எனக்குக் கை நடுங்கியது. தோழிகள் இரண்டு பேருக்கு உடனே அனுப்பியும் விட்டேன். அரை மணி நேரம் கழித்து மறுபடி அதே படத்தைத் திறந்து பார்த்தபோதுதான் அந்தப் பெண்ணுக்குப் பின்னால் நின்றவர்கள் கண்ணில் பட்டார்கள். மூன்று பேர். ஆரஞ்சு நிறத் தலைக்கவசம், அதன் முன்பக்கத்தில் விளக்கு. ஒருவர் கையில் கான்கிரீட் வெட்டும் இயந்திரம். இரவோடு இரவாகக் கொன்றுவிட்டு ஓடிய இடத்தில் கான்கிரீட் வெட்டுகிறவருக்கு என்ன வேலை? அந்தக் கேள்வியோடுதான் டின்ஐ-க்குப் போனேன்.

படத்தை ஏற்றினேன். 41 இடங்களில் அதே படம் இருப்பதாகக் காட்டியது. "பழையது முதலில்" என்று வரிசையை மாற்றினேன். முதலில் வந்தது ஒரு செய்தி நிறுவனத்தின் பக்கம், ஆறு ஆண்டுகளுக்கு முந்தையது. வேறொரு கண்டத்தில் நடந்த நிலநடுக்கம். அந்தப் பெண் இழந்தது தன் வீட்டையும் வீட்டாரையும். அவளுக்கும் சித்தப்பா அனுப்பிய ஒன்பது வரிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

டின்ஐ பற்றி முதலில் சொல்கிறேன், ஏனென்றால் மூன்றில் நான் அதிகம் நம்புவது இதைத்தான். கனடாவின் டொராண்டோவில் உள்ள நிறுவனம், 2008 முதல் நடத்துகிறது. நீங்கள் கொடுக்கும் படத்தை விரல்ரேகை மாதிரி ஓர் எண்வடிவமாக மாற்றி, தன் சேமிப்பில் உள்ள படங்களின் ரேகையோடு ஒப்பிடுகிறது. படத்தில் இருப்பது நாயா, மலையா, யார் முகம் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது, அது தெரியவும் வேண்டாம். அதே படத்தை வெட்டியிருந்தாலும் சுருக்கியிருந்தாலும் நிறம் மாற்றியிருந்தாலும் கண்டுபிடிக்கிறதா என்பதுதான் முக்கியம். கண்டுபிடிக்கிறது. "ஒப்பிடு" என்று ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் நம் படமும் கிடைத்த படமும் ஒன்றன்மேல் ஒன்றாக மாறி மாறி வரும். எதை வெட்டி எறிந்தார்கள் என்பது அப்போது தெரியும். என் அனுபவத்தில் பெரும்பாலும் வெட்டி எறியப்படுவது பெயர்ப்பலகையும், வண்டி எண்ணும், படம் எடுத்தவரின் பெயரும்.

ஒரு விஷயத்தை மட்டும் முதல் நாளே தெரிந்துகொள்வது நல்லது. டின்ஐ காட்டும் தேதி படம் எடுத்த தேதி அல்ல, டின்ஐ அந்தப் படத்தை முதன்முதலில் இணையத்தில் கண்ட தேதி. ஆறு ஆண்டுகளுக்கு முன் கண்டிருந்தால் அந்தப் படம் போன வாரத்துக் கலவரத்தின் படமாக இருக்க வழியே இல்லை. அந்த முடிவு உறுதியானது. ஆனால் போன வாரம்தான் முதலில் கண்டது என்று வந்தால், குறிப்பு உண்மை என்று ஆகிவிடாது. எங்கோ அச்சில் மட்டும் கிடந்த பழைய படத்தை யாரோ போன வாரம் ஸ்கேன் செய்திருக்கலாம். ஒன்றுமே கிடைக்காவிட்டாலும் அப்படித்தான்.

இந்தக் கருவியின் மதிப்பு எனக்கு முழுதாகப் புரிந்தது மியன்மார் விவகாரத்தைப் படித்தபோது. 2018-இல் மியன்மார் ராணுவத்தின் மக்கள் தொடர்பு, உளவியல் போர்த் துறை 117 பக்கத்தில் ஒரு புத்தகம் வெளியிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய ராணுவ நடவடிக்கையால் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா மக்கள் வங்கதேசத்துக்குத் தப்பி ஓடியிருந்தார்கள். அவர்கள் எப்போதுமே வந்தேறிகள், கொலைகாரர்கள் என்று நிறுவுவதுதான் புத்தகத்தின் நோக்கம். அதற்கு வரலாற்றுப் படங்கள் என்று சிலவற்றை அச்சிட்டிருந்தார்கள். ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் அவற்றில் எட்டுப் படங்களை எடுத்து கூகுள் படத்தேடலிலும் டின்ஐ-யிலும் தேடியது. மூன்று போலி என்று தெரிந்தது.

அந்த மூன்றையும் விவரமாகச் சொல்ல வேண்டும். முதல் படத்தில் தண்ணீரில் இரண்டு உடல்கள் கிடக்கின்றன, பக்கத்தில் ஒருவர் விவசாயக் கருவியோடு நிற்கிறார். வங்காளிகள் உள்ளூர் மக்களைக் கொடூரமாகக் கொன்றார்கள் என்பது குறிப்பு. ரோஹிங்கியா மக்களைத்தான் புத்தகம் வங்காளிகள் என்கிறது. புத்தகத்தில் அது 1940-களின் கலவரத்தைப் பற்றிய பகுதி. உண்மையில் அது 1971-இல் டாக்காவில் எடுத்த படம், கொல்லப்பட்டுக் கிடப்பவர்களே வங்காளிகள். இரண்டாவது, ஆங்கிலேயர் காலத்தில் வங்காளிகள் நாட்டுக்குள் நுழைந்த காட்சி என்று போட்ட கறுப்பு வெள்ளைப் படம். அது 1996-இல் தான்சானியாவில் நடந்துபோன ருவாண்டா அகதிகளின் வண்ணப் படம். பழைய படமாகத் தெரிய நிறத்தை எடுத்துவிட்டார்கள். மூன்றாவது, படகில் மக்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் படம். கடல்வழியாக மியன்மாருக்குள் வருகிறார்கள் என்று குறிப்பு சொன்னது. அது 2015-இல் மியன்மாரை விட்டு வெளியேறப் படகேறி, கடற்படையிடம் சிக்கியவர்களின் படம். இடம் வலமாகத் திருப்பி, மங்கலாக்கி அச்சிட்டிருந்தார்கள். செய்தி வெளியான சில நாட்களில் படங்கள் தவறாக அச்சாகிவிட்டதாக ராணுவத்தின் நாளிதழ் மன்னிப்புக் கேட்டது.

அந்த மூன்று குறிப்புகளையும் நான் பலமுறை படித்திருக்கிறேன். மெய்ப்புப் பார்ப்பவளாக என்னை உலுக்கியது, படத்தில் யாரெல்லாம் பாதிக்கப்பட்டவர்களோ அவர்களையே குறிப்பில் குற்றவாளிகள் ஆக்கியிருந்த விதம். கொல்லப்பட்டவரைக் கொலைகாரராக்க, ஓடுகிறவரைப் படையெடுப்பவராக்க ஒரு வரி போதுமாக இருந்திருக்கிறது. அன்றிலிருந்து, படத்தை அப்படியே ஒருமுறை, இடம் வலமாகத் திருப்பி ஒருமுறை, வெட்டி ஒருமுறை என்று மூன்று வடிவத்தில் தேடுகிறேன். கூடுதலாக இரண்டு நிமிடம் ஆகும், அவ்வளவுதான்.

கூகுள் லென்ஸ் வேறு மாதிரி. கூகுளில் படத்தைக் கொடுத்துத் தேடும் வசதி 2011 முதல் இருக்கிறது, இப்போது அந்த வேலையை லென்ஸ் செய்கிறது. கைபேசியிலேயே இருப்பதால் எளிது, படத்தில் இருக்கும் எழுத்தைப் படித்து மொழிபெயர்த்தும் தரும். கடைப்பலகையில் தெரியாத எழுத்து இருந்தால் இதைவிட விரைவான வழி எனக்குத் தெரியாது. ஒரு படத்தை "வடக்கு எல்லையில் நடந்தது" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். பின்னால் இருந்த மருந்துக்கடைப் பலகையை லென்ஸ் படித்ததும் அது அந்த நாடே இல்லை என்று தெரிந்துவிட்டது.

ஆனால் லென்ஸ் முதலில் காட்டுவது "இதைப் போன்ற" படங்களை. எரியும் வீடு எல்லா நாட்டிலும் ஒரே மாதிரிதான் எரிகிறது. போன்ற படத்தை அதே படம் என்று எடுத்துக்கொண்டு, "பார்த்தீர்களா, இது வேறு நாடு" என்று குழுவில் எழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதுவும் பொய்தான், நல்ல நோக்கத்தோடு பரவும் பொய். ஆகவே அப்படியே ஒத்துப்போகும் படங்களை மட்டும் காட்டும் பிரிவுக்குப் போங்கள். "இந்தப் படத்தைப் பற்றி" என்ற பகுதியில் கூகுள் அதை முதலில் எப்போது கண்டது என்பதும் சில படங்களுக்கு வரும்.

வீடியோவுக்கு இன்விட்-வீவெரிஃபை. இது உலாவியில் சேர்த்துக்கொள்ளும் நீட்சி. ஐரோப்பிய ஆய்வுத் திட்டம் ஒன்றில் உருவானது, ஏஎஃப்பி செய்தி நிறுவனம் பராமரிக்கிறது. வீடியோவை முக்கியக் காட்சிகளாகப் பிரித்துக் கொடுக்கும், ஒவ்வொரு காட்சியையும் பல தேடுபொறிகளுக்கு ஒரே சொடுக்கில் அனுப்பலாம். செய்தியாளர்களுக்காகச் செய்தது என்பதால் முதல் வாரம் மிரட்டும். அதில் உள்ள பாதிப் பொத்தான்கள் எனக்கு இன்னும் தேவைப்படவில்லை. கணினி இல்லாதவர்களுக்கு இது ஒத்துவராது.

நான் இதில் கண்டுபிடித்தவற்றில் ஒன்றை மறக்க முடியவில்லை. நாற்பது நொடி வீடியோ. ஒரு கூட்டம் இரண்டு பேரைத் தரையில் தள்ளி அடிக்கிறது, பின்னணியில் ஒருவர் அழுகிற குரலில் இன்ன மக்கள் நம் பிள்ளைகளை இப்படிச் செய்கிறார்கள் என்று சொல்கிறார். ஆறாவது காட்சியைத் தேடியபோது மூன்று நிமிட மூல வீடியோ கிடைத்தது. அதில் அந்தக் குரலே இல்லை. கடைசியில் அடிபட்ட இருவரும் எழுந்து சட்டையைத் தட்டிவிட்டுக் கும்பிடுகிறார்கள், சுற்றி நிற்பவர்கள் கைதட்டுகிறார்கள். வீதி நாடகம். நாற்பது நொடியில் வெட்டியவருக்கு அந்தக் கைதட்டல் இருப்பது தெரியாமல் இருந்திருக்காது.

வாட்ஸ்அப்பில் வரும் படத்தின் உள்ளே எடுத்த தேதி, இடம் போன்ற விவரங்களைத் தேட வேண்டாம். பெரும்பாலும் அனுப்பும்போதே அவை நீங்கிவிடும். தேடலில் கிடைத்த பழைய பக்கம் அழிக்கப்பட்டிருந்தால் பழைய இணையப் பக்கங்களின் நகல்களைச் சேமித்துவைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் அந்த முகவரியைப் போட்டுப் பாருங்கள். எனக்கு இரண்டு முறை மூலப் படக்குறிப்பு அங்கேதான் கிடைத்தது.

இனி நான் செய்த தவறு. இதைச் சொல்லாமல் இந்த மதிப்பீடு நேர்மையாக இருக்காது. படத்தேடலில் ஒன்றும் கிடைக்காத ஒரு படத்தை, செயற்கை நுண்ணறிவால் செய்ததா என்று கண்டுபிடித்துச் சொல்வதாக விளம்பரம் செய்யும் ஒரு தளத்தில் போட்டேன். பெயர் வேண்டாம், அப்படிப் பல இருக்கின்றன. எரிந்த வீட்டின் முன் ஒரு கிழவர் நிற்கும் படம் அது. 96 விழுக்காடு செயற்கை என்று சிவப்பு எழுத்தில் வந்தது. நான் குழுவில் "பொய்ப்படம், நம்பாதீர்கள்" என்று எழுதினேன். நான்கு நாள் கழித்து அந்தப் படத்தை எடுத்தவரின் மற்ற படங்கள் வெளிவந்தன. அதே கிழவர், அதே சுவர், வேறு கோணம், அவர் பெயர், அவர் சொன்ன வாக்குமூலம். வீடு எரிந்தது உண்மை. எரித்தவர்கள் மீது வழக்கும் பதிவாகியிருந்தது.

அந்த மனிதரின் எரிந்த வீட்டை இல்லை என்று நாற்பது பேருக்குச் சொன்னவள் நான். திருத்தம் எழுதினேன், மன்னிப்பும் கேட்டேன். ஆனால் முதலில் எழுதியதை எத்தனை பேர் எங்கெல்லாம் அனுப்பினார்கள் என்பது எனக்குத் தெரியாது. அதன்பின் அப்படிப்பட்ட தளங்களின் எண்ணை வைத்து எதையும் பொய் என்றோ மெய் என்றோ சொல்வதில்லை. "தெரியவில்லை" என்று எழுதப் பழகிக்கொண்டேன். மெய்ப்பில் ஓரத்தில் கேள்விக்குறி போடுவோமே, அது மாதிரி.

அந்த வாரத்தில்தான் முதல் உலகப் போர்க்காலத்துப் "பிணத் தொழிற்சாலை" கதையை மறுபடி தேடிப் படித்தேன். ஜெர்மானியர் தங்கள் வீரர்களின் உடலைக் காய்ச்சிக் கொழுப்பெடுக்கிறார்கள் என்று 1917-இல் பிரிட்டிஷ் பத்திரிகைகள் எழுதின. அதற்கு அடிப்படையில்லை என்ற ஜெர்மன் அரசின் மறுப்பை 1925-இல் வெளியுறவு அமைச்சர் ஆஸ்டன் சேம்பர்லெயின் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஏற்றுக்கொண்டார். அதோடு முடியவில்லை. 1940-களில் நாஜிகள் யூதர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொல்லும் செய்தி கசிந்தபோது, இதுவும் அந்தப் பழைய கதை மாதிரிதான் இருக்கும் என்று தள்ளியவர்கள் இருந்தார்கள். ஒரு மக்கள்மேல் சுமத்திய பொய் இருபத்தைந்து ஆண்டு கழித்து வேறொரு மக்களின் சாவுக்குச் சாட்சி இல்லாமல் செய்திருக்கிறது. ஆகவே நான் சந்தேகப்படுவது குற்றச்சாட்டின் ஆதாரத்தை மட்டும்தான். அழுகிறவர் பொய்யாக அழுகிறார் என்று தொடங்குவது வேறு காரியம். அதை நான் செய்ய மாட்டேன். ஒருமுறை செய்துவிட்டேன், போதும்.

சரி, சித்தப்பாவுக்கு வருகிறேன். நிலநடுக்கப் படத்தின் மூலப் பக்கத்தை அவருக்குத் தனியாக அனுப்பினேன். குழுவில் எல்லோர் முன்னாலும் போடவில்லை. பெரியவரை அப்படி நிறுத்துவது சரியில்லை, பயனும் இல்லை. பதில் வந்தது: "ஏம்மா, படம் மாறிப்போயிருக்கலாம். அதுக்காக நடந்தது நடக்கலைன்னு ஆயிடுமா?"

இந்தக் கேள்விக்கு எந்தக் கருவியிலும் பொத்தான் இல்லை. இவற்றின் பெரிய குறை என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன், ஆனால் அது இவற்றின் பிழை அல்ல. சித்தப்பாவிடம் நான் கேட்டது: "நடந்ததுன்னு நமக்கு எப்படித் தெரியும் சித்தப்பா? இந்தப் படத்தை வெச்சுத்தானே தெரியும்?" படம்தான் ஒரே ஆதாரமாக இருந்தது. அது விழுந்த பிறகும் குற்றச்சாட்டு மட்டும் நிற்கிறது என்றால், அது எதன்மேல் நிற்கிறது? அவர் அன்று பதில் எழுதவில்லை.

அப்புறம் இன்னொன்று. படம் உண்மையாகவே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம், இன்ன நாள் இன்ன இடத்தில் நான்கு பேர் ஒருவரைக் கொன்றார்கள். அந்த நான்கு பேருக்குப் பெயர் உண்டு. அவர்கள் மீது வழக்கு போட வேண்டும். ஆனால் ஒன்பது வரியில் "அவர்கள்" என்று வரும்போது அந்த நான்கு பேர் லட்சக்கணக்கானவர்கள் ஆகிவிடுகிறார்கள், பிறந்த குழந்தை உட்பட. எங்கிருந்து வந்த படம் என்பதை டின்ஐ சொல்லும். நான்கு எப்போது லட்சமானது என்பதை நாம்தான் வாசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். நான் இப்போது முதலில் தேடுவது வினைச்சொல்லின் எழுவாயை. கொன்றது யார்? பெயர் இருக்கிறதா, அல்லது ஓர் இனத்தின் பெயர் மட்டும்தானா?

படமே இல்லாமல் எழுத்தாக மட்டும் வரும் குற்றச்சாட்டுக்கு இந்த மூன்றும் ஒன்றுக்கும் ஆகாது. கிணற்றில் விஷம் கலக்கிறார்கள் என்பது அப்படிப்பட்டது. 1348-இல் ஐரோப்பாவில் கொள்ளைநோய் பரவியபோது யூதர்கள் கிணறுகளில் விஷமிட்டதாகச் சொன்னார்கள். ஆதாரம் இருந்தது, ஒப்புதல் வாக்குமூலங்கள். எல்லாம் சித்திரவதை செய்து வாங்கியவை. அதே ஆண்டு போப் ஆறாம் கிளெமென்ட் எழுதிய ஆணையில் மிக எளிய ஒரு வாதம் இருக்கிறது: யூதர்களும் இதே நோயில் சாகிறார்கள், யூதர்களே இல்லாத இடங்களிலும் நோய் இருக்கிறது. தேடுபொறி எதுவும் இல்லாமல் அன்றே கிடைத்த பதில் அது. கேட்கவில்லை. 1349 பிப்ரவரியில் ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்து யூதர்களை எரித்தார்கள், அப்போது நோய் அந்த நகரத்துக்கு வந்தே சேரவில்லை.

எழுத்தைச் சோதிக்க நான் செய்வது, விசித்திரமான ஒரு வரியை எடுத்து மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுவது. பெரும்பாலும் அதே வரி, வேறொரு நாட்டில், வேறொரு மக்களின் பெயரோடு கிடைக்கும். இதைப் பெரிய அளவில் செய்து காட்டியவர் பிலிப் கிரேவ்ஸ் என்ற செய்தியாளர். யூதர்கள் உலகத்தை ஆளச் சதி செய்கிறார்கள் என்று 1903-இல் ரஷ்யாவில் முதலில் அச்சான போலி ஆவணத்தை, 1864-இல் மொரிஸ் ஜோலி எழுதிய பிரெஞ்சு அங்கத நூலோடு பத்தி பத்தியாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 1921-இல் லண்டன் டைம்ஸில் வெளியிட்டார். ஜோலி எழுதியது பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனைத் தாக்கி, யூதர்களைப் பற்றி அல்ல. டின்ஐ-யின் "ஒப்பிடு" பொத்தானை அழுத்தும்போதெல்லாம் எனக்கு அந்த இரட்டைப் பத்திகள் நினைவுக்கு வரும்.

கிணற்று விஷம் 1923-இல் ஜப்பானில் மறுபடி வந்தது. செப்டம்பர் 1, கான்டோ நிலநடுக்கம். டோக்கியோவும் யோகோஹாமாவும் எரிந்துகொண்டிருக்கும்போதே கொரியர்கள் தீவைக்கிறார்கள், கிணற்றில் விஷம் கலக்கிறார்கள் என்று வதந்தி. அரசின் உள்துறையே கொரியர்கள் தீவைப்பதாகத் தந்தி அனுப்பியது. உள்ளூர் ஆட்கள் தாங்களே அமைத்துக்கொண்ட காவல் கூட்டங்கள் ஆயிரக்கணக்கான கொரியர்களைக் கொன்றன. யோகோஹாமாவை அடுத்த த்சுருமியில் காவல் நிலையத் தலைவராக இருந்தவர் ஓகாவா த்சுனேகிச்சி. சுமார் 300 பேரை அவர் நிலையத்துக்குள் வைத்துக் காத்தார். கூட்டம் வெளியே வந்து நின்றது. கொரியர்கள் விஷம் கலந்த தண்ணீர் என்று கூட்டத்தினர் கொண்டுவந்ததை அவர் வாங்கிக் குடித்துக் காட்டினார் என்று சொல்கிறார்கள். அவருக்கு அங்கே நினைவுக்கல் இருக்கிறது.

அவர் குடித்ததை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். கொரியர்கள் நல்லவர்கள் என்ற உரை அந்தக் கதையில் இல்லை. தண்ணீரில் விஷம் என்றீர்கள், கொடுங்கள் பார்க்கலாம் என்பதுதான் இருக்கிறது. என் கையில் இருப்பது ஒரு கைபேசியும் மூன்று கருவியும். அவர் வைத்த அளவு எதையும் நான் பணயம் வைக்கவில்லை.

யாருக்கு எது என்று கேட்டால்: கைபேசி மட்டும் இருந்தால் லென்ஸ், அதோடு உலாவியில் டின்ஐ. இரண்டையும் சேர்த்தே பயன்படுத்துங்கள், ஒன்றில் கிடைக்காதது மற்றதில் கிடைக்கும். குழுவில் நிறைய வீடியோ வருகிறது, கணினியும் இருக்கிறது என்றால் இன்விட்டைக் கற்றுக்கொள்ள ஒரு மாலை ஒதுக்கலாம். செயற்கைப் படமா என்று விழுக்காடு சொல்லும் தளங்களை இந்த வேலைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். டின்ஐ நாம் தேடும் படத்தைச் சேமித்து வைப்பதில்லை என்று அறிவித்திருக்கிறது. பாதிக்கப்பட்டவரின் படத்தைத் தேடும்போது எனக்கு அது முக்கியமாகப் படுகிறது.

சித்தப்பா இப்போதெல்லாம் சில படங்களைக் குழுவில் போடும் முன் எனக்கு அனுப்புகிறார். "இதைக் கொஞ்சம் பாரும்மா" என்று மட்டும் இருக்கும். போன வாரம் அப்படி ஒன்று வந்தது. மூன்றிலும் தேடினேன், திருப்பித் தேடினேன், வெட்டித் தேடினேன். எதுவும் கிடைக்கவில்லை. "தெரியலை சித்தப்பா" என்று எழுதினேன்.

"தெரியலைன்னா என்ன பண்றது?"

"அனுப்பாம இருக்கலாம்."

இரண்டு கோடும் நீலமானது. பதில் வரவில்லை. நேற்றுவரை அந்தப் படம் குழுவுக்கு வரவில்லை.